நாற்பத்தொன்றாம் வளைவில் பூட்டிக்கொண்ட கார்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் கால் நிற்காது. முப்பது வருஷமாக எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடிந்திருக்கின்றன. நான் பாதி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மிளகுக்காட்டுக்குப் போய்விடுவார். மீதிப் பாதியை நான் அடுப்பிடம்தான் சொல்லி முடிக்க வேண்டும். அவரால் எழுந்து போக முடியாத சண்டை ஒன்றே ஒன்று நடந்திருக்கிறது. அது போன ஐப்பசியில், எங்கள் காருக்குள் நடந்தது.

பழைய டீசல் வண்டி. எங்களிடம் வரும்போதே அதற்குப் பதினைந்து வயது. எங்கள் வீடு மலைமேல், வளப்பூர் நாடு என்கிற ஊரில். நான் பிறந்த வீடு அடிவாரத்தில் பேளுக்குறிச்சியில். அங்கே அண்ணன் வீட்டில் என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறாள். நாற்பத்தாறு வயதில், ஊரே சிரிக்கச் சிரிக்க, நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சந்தை நாள்தோறும் மலைரோட்டின் எழுபது வளைவும் இறங்கிப் போய், அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டு, சந்தையில் சாமான் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் ஏறி வந்துவிடுவேன். பஸ்ஸும் இருக்கிறது. பஸ்ஸில் போனால் அது சொல்லும் நேரம்தான் என் நேரம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆயுத பூஜை முடிந்து மழை பிடித்த பிறகுதான் வண்டிக்குக் கிறுக்குப் பிடித்தது. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஓடியது. ஒருநாள் ஹாரனை அழுத்தினேன், உள் விளக்கு எரிந்தது. காலடியில் கிடந்த மிதியடியை எடுத்துப் பிழிந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. எங்கள் பக்கத்தில் டிராக்டர் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “பியூஸ் பெட்டிக்குள்ள தண்ணி எறங்கியிருக்குதுங்க. இது நம்ம கைக்கு அடங்காது” என்று ஒதுங்கிக்கொண்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் இடிக்கும் இடத்தில் இருக்கிற கறுப்புப் பெட்டி அது. விளக்கு, வைப்பர், ஹாரன், கண்ணாடி ஏற்றி இறக்குவது, கதவுப் பூட்டு என்று எல்லாவற்றுக்கும் கரண்ட் அங்கிருந்துதான் பிரிந்து போகிறது.

“வித்துப்புடலாம்” என்றார் வீட்டுக்காரர். அவர் வாயிலிருந்து வார்த்தை வருவதே அபூர்வம், வந்தது இது. விசாரித்தால், பேளுக்குறிச்சியில் பழைய வண்டிகளை வாங்கி உடைக்கிற ஒருவரிடம் ஏற்கெனவே போனில் பேசி முடித்திருக்கிறார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. அன்றைக்கு ராத்திரிச் சோறு ஆறிப்போகும்வரை பேசினேன். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். பேளுக்குறிச்சியில் கார் வயரிங் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். வண்டியை அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது. அவர் சரியாகும் என்றால் வண்டி எங்களோடு இருக்கும். ஆகாது என்றால் அப்படியே உடைக்கிறவரிடம் விட்டுவிட்டு, இரண்டு பேரும் பஸ் ஏறி வீடு வந்து சேர வேண்டியது. சரி என்று வீம்பாகத் தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேலிருந்து முதல் வளைவில் திரும்பியபோதே நான் ஆரம்பித்துவிட்டேன்.

“பலா மரத்தடியில நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்கன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா? கொட்டாய்ல மிளகு மூட்டைய அடுக்கிப்போட்டு வண்டிய மழைல நிறுத்துனீங்க. எலையெல்லாம் விழுந்து எங்கியோ அடச்சுத்தான் தண்ணி உள்ள எறங்கியிருக்குது. இது உங்க வேலதானுங்க.”

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“விக்கோணும்னே நனைய உட்டீங்களா?”

பனி இறங்கியது. எனக்கு முன்னால் பத்தடி ரோடுகூடத் தெரியவில்லை. நாற்பத்தொன்று என்று எழுதிய பலகை ஒன்று கண்ணில் பட்டது. வளைவில் திரும்பி முடிக்கவில்லை, பாதியிலேயே இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. கைப்பிரேக்கை இழுத்தேன். சாவியைத் திருப்பினேன், சத்தமே இல்லை. விளக்கு இல்லை, வைப்பர் இல்லை, ஹாரன் இல்லை. அப்போதுதான் நான்கு கதவிலும் ஒரே நேரத்தில் ‘டக்’ என்று பூட்டு விழுந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இறங்கிப் பார்க்கலாம் என்று கதவின் மேலிருக்கும் குமிழைப் பிடித்து இழுத்தேன். அது உள்ளேயே பிடித்துக்கொண்டது. விரலால் கொஞ்சம் மேலே இழுத்தால், வெடுக்கென்று மறுபடி கீழே இழுத்துக்கொண்டது. கதவுக்குள் இருக்கிற சின்ன மோட்டாருக்கு அந்த நனைந்த பெட்டி விடாமல் கரண்ட் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் பக்கத்திலும் அதே கதை. கண்ணாடி பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. செல்போனை எடுத்தேன், அந்த வளைவில் சிக்னல் கிடையாது. ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர் எல்லாம் டிக்கியில். தாலிக்கொடியில் இருந்த ஊக்கை எடுத்து பியூஸ் பெட்டியின் மூடியைத் திறக்கப் பார்த்தேன். ஊக்கு வளைந்தது. பெட்டியிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் என் புடவையில் விழுந்தது.

“கண்ணாடிய ஒதச்சு ஒடச்சர்லாம்” என்றார்.

“தொடுங்க பாக்கலாம்! அத ஒடச்சுப்போட்டு, கண்ணாடியுமில்லாத வண்டின்னு சொல்லி விக்கறதுக்கா?”

எனக்கு மூச்சு முட்டியது. வண்டிக்குள் காற்று குறைகிறதோ என்று பயம். குறையாது என்று அறிவு சொன்னது, நெஞ்சு கேட்கவில்லை. கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டியது. அதைவிடப் பெரிய பயம் அவருக்குத்தான் முதலில் வந்தது.

“ஏம்புள்ள, பின்னாடி பஸ் வந்தா என்ன பண்றது?” என்றார்.

வளைவு நடுவில், பனிக்குள், ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல் நிற்கிறோம். மேலிருந்து இறங்கும் பஸ்காரன் திரும்பும்போது எங்களைப் பார்த்தால் உண்டு. பார்க்காவிட்டால் ரோட்டோரக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துத் தள்ளிவிட்டுப் போய்விடுவான். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

அவர் எழுந்தார். ஆறடி ஆள், முட்டி வலிக்காரர். இரண்டு சீட்டுக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, தலை கூரையில் இடிக்க, பின் சீட்டுக்குத் தாவினார். சீட்டில் முட்டி போட்டு நின்று, போன் டார்ச்சைப் போட்டுப் பின்கண்ணாடியில் வைத்து, கையால் மூடி மூடித் திறந்தார். எங்கள் மூச்சுக் காற்றில் கண்ணாடி மங்கிக்கொண்டே வந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்தார், டார்ச்சைக் காட்டினார், மறுபடி துடைத்தார். அந்தத் துண்டுக்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே வேலை, சண்டையிலிருந்து எழுந்து போவது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பயம் வந்தால் எனக்குப் பேச்சு இன்னும் அதிகமாகும்.

“நான் கீழ போயிட்டு வர்றது உங்களுக்குப் பொறுக்கல. வண்டி கெட்டது ஒரு சாக்கு. அதத்தான சொல்லாம இருக்கறீங்க?”

அவர் திரும்பவில்லை. முதுகு மட்டும்தான் தெரிந்தது.

“ஆமா” என்றார்.

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அவரே பேசினார், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

“போன வருசம் உங்கம்மா விழுந்தப்ப, வண்டிய எடுத்துக்கிட்டுப் போனே. நாப்பது நாள். எனக்கு மூணு போன் பண்ணுனே. ஊட்ல பேச்சுச் சத்தமே இல்ல. டி.வி.ய சத்தமா வெச்சுக்கிட்டுத்தான் தூங்குனேன்.”

“நான் பேசறப்ப எந்திரிச்சுப் போறவராச்சே நீங்க! சத்தம் இல்லீன்னா நிம்மதியாத்தான இருந்திருக்கோணும்?”

“காட்டுல இருந்தாலும் நீ பேசறது கேக்கும்” என்றார். “அடுப்புகிட்டப் பேசறது.”

நான் அப்போதும் விடவில்லை. கார் இல்லாவிட்டால் பஸ்ஸில் போயிருக்க மாட்டேனா, அப்போது என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

“பஸ்ல போனா, திரும்பி வர்ற பஸ் எப்பன்னு தெரியும். போய் நின்னுக்கலாம். கார்ல போனா, எந்நேரத்துக்குன்னு போய் நிக்கறது?” கண்ணாடியைத் துடைத்தார். “அந்த நாப்பது நாளும் பஸ் வர்ற எடத்துலதான் நின்னேன். பஸ்ல வரமாட்டேன்னு தெரிஞ்சும்.”

அவர் அங்கே நின்றதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மலையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

பிறகு அவர் கேட்டார். “திரும்பி வராம அங்கியே இருந்துக்கலாம்னு நெனச்சியா?”

வீடாக இருந்தால் பால் பொங்குகிறது என்று எழுந்து உள்ளே போயிருப்பேன். இங்கே எங்கே போவது? குமிழைப் பிடித்து இழுத்தேன், அது கீழே இழுத்துக்கொண்டது. இடது பக்கம் சுவர், வலது பக்கம் பனி. முன்கண்ணாடியில் மழைத் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

“நெனச்சேன்” என்றுதான் வந்தது. “அங்க நான் பேசுனா பதில் சொல்றாங்க. அண்ணி, அம்மா, பக்கத்து ஊட்டுக்காரி. பதினஞ்சு நாள் நெனச்சேன்.”

அவருடைய கை நின்றது. டார்ச் வெளிச்சம் கண்ணாடியில் அசையாமல் நின்றது. எனக்கு ஐயோ என்றிருந்தது. சொன்ன வார்த்தையை எந்தக் கையால் திரும்ப அள்ளுவது?

“பொறவு?” என்றார்.

“பொறவு வந்துட்டேன்ல!” என்று கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது. “கூப்புட ஆளில்லாம நானா வண்டிய ஓட்டிக்கிட்டு, எழுவது வளைவும் ஏறி, வந்தன்ல! இந்த வண்டிதான கொண்டாந்துச்சு! அதத்தான விக்கறேங்கறீங்க!”

அவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்து டார்ச்சைக் காட்ட ஆரம்பித்தார். முன்னைவிட வேகமாகக் காட்டினார்.

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. ஒரு மணி நேரம் இருக்கும். அவருடைய போனில் சார்ஜ் தீர, என்னுடையதை வாங்கிக்கொண்டார். மழை விட்டபோது குரங்கு ஒன்று பானெட்டில் ஏறி உட்கார்ந்து, கூண்டுக்குள் இருப்பவர்களைப் பார்ப்பதுபோல எங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் மேலே பஸ் சத்தம் கேட்டது. அவர் டார்ச்சோடு சேர்த்துக் கையாலும் கண்ணாடியை அறைந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பிரேக் கிறீச்சிட்டது. கண்ணைத் திறந்தால் பின்கண்ணாடி முழுவதும் பஸ்ஸின் முகமாக இருந்தது.

டிரைவர் இறங்கி வந்து என் கண்ணாடியில் தட்டினார். “ஏனுங்கக்கா, வளைவுல நிறுத்திப்போட்டு உள்ள உக்காந்து என்ன பண்றீங்க?”

நான் சொன்ன பதில் கண்ணாடியைத் தாண்டிப் போகவில்லை. போகாததும் நல்லதுதான். பஸ்ஸே இறங்கி வந்து சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. பானெட்டைத் திறக்கிற கம்பி என் காலருகில் இருக்கிறதே, அதற்குக் கரண்ட் வேண்டாமே! இழுத்தேன். பானெட் எழும்பியது. பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லிக் கையால் ஜாடை காட்டினேன். கண்டக்டர் ஸ்பேனர் கொண்டுவந்து கழற்றினார். குமிழ் தளர்ந்தது. கதவைத் திறந்து, ரோட்டில் காலை வைத்து, குளிர்ந்த காற்றை மூக்கு நிறைய இழுத்தேன். அவர் பின்கதவு வழியாக இறங்கினார். முட்டியை நீட்ட முடியவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தார்.

எல்லோரும் சேர்ந்து வண்டியை ஓரமாகத் தள்ளி, டயருக்குக் கல் வைத்து, ரோட்டில் தழை ஒடித்துப் போட்டார்கள். வயரிங்காரரின் நம்பரைக் கண்டக்டரிடம் கொடுத்தேன். சிக்னல் கிடைக்கும் வளைவில் போன் செய்து சொல்வதாகச் சொல்லிப் போனார். நாங்கள் சுவரில் உட்கார்ந்து காத்திருந்தோம். அவர் எழுந்து எங்கேயும் போகவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் வயரிங்காரர் மொபெட்டில் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே அரை டம்ளர் தண்ணீர் நின்றது. பித்தளை முனைகளெல்லாம் பச்சைக் களிம்பேறிக் கிடந்தன. குனிந்து பெட்டியை மோந்து பார்த்தார்.

“சந்தன வாசம் வருதுங்களே” என்றார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. “பலா எலைங்க. மரத்தடியில நிறுத்தறாரு, சொன்னாக் கேக்கறதில்ல” என்று அவருக்கும் ஒரு பாட்டுப் பாடினேன்.

வயரிங்காரர் முன்பக்கம் போய், கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கறுப்புச் சல்லடையைக் கழற்றினார். மழைத் தண்ணீர் அதற்குள் விழுந்து, ஒரு ஓட்டை வழியாகக் கீழே வடிந்துவிட வேண்டும். அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு நோண்டி எடுத்து, பானெட்டின் மேல் வைத்தார். அழுகிய செவ்வந்திப் பூ. ஊறிப் பசையாகிப்போன பொரி. அதற்கு அடியில் கறுத்த செவ்வந்தி. அதற்கும் அடியில் கல்லாக இறுகிய சந்தனம், பொரி, மறுபடியும் பூ. ஒரு பலா இலைகூட இல்லை.

“வருசா வருசம் சேந்திருக்குதுங்க. வடியற ஓட்டைய அடச்சதும் தண்ணி பியூஸ் பெட்டிக்கு வழி கண்டுபுடிச்சுருச்சு. ஆயுத பூசைக்கு யாருங்க பூசை போடறது?”

ஆறு வருஷமாக நான்தான் போடுகிறேன். வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை சாத்தி, பொரியை அள்ளிப் பானெட் மேல் தூவுவேன். மூன்றாம் நாள் மாலையைக் கழற்றும்போது உதிர்ந்து கிடப்பதைக் கூட்டித் தள்ள மனசு வராது. சாமிக்குச் சாத்திய பூ யார் காலிலாவது மிதிபட்டால் பாவம். அதனால் ஒன்று விடாமல் பொறுக்கி, அந்தச் சல்லடையின் இடுக்கில் பத்திரமாகத் தள்ளிவிடுவேன். கால் படாத இடம் என்று எனக்கு அவ்வளவு திருப்தி.

“நாந்தானுங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையை நாற்பத்தொரு வளைவுக்கும் பாடிக்கொண்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் பானெட் மேலிருந்த பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் சிரித்துவிட்டேன்.

“ஆகுமுங்களா, ஆகாதுங்களா?” என்று வயரிங்காரரைக் கேட்டேன்.

“பெட்டி போச்சுங்க. வண்டிக்கு ஒண்ணுமில்ல. இதே மாதிரி வண்டி ஒடச்சது எங்கியாச்சும் இருந்தா, அதுலருந்து பெட்டியக் கழட்டி மாட்டிரலாம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் என் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, சிக்னல் தேடி ரோட்டில் நடந்தார். பாதி ஜெயித்த சண்டையை விட்டு மறுபடியும் எழுந்து போகிறாரே என்று எனக்குப் பகீரென்றது. இரண்டு வளைவு கீழே இறங்கிப் போய்த் திரும்பி வந்தார், நொண்டிக்கொண்டே.

“அந்த ஒடைக்கறவருகிட்டவே ஒண்ணு இருக்குதாமா. பெட்டிய எடுத்து வெக்கச் சொல்லீட்டேன். வண்டி குடுக்கலீங்கன்னும் சொல்லீட்டேன்” என்றார்.

வயரிங்காரர் தலையாட்டிவிட்டுக் கதவைத் தட்டிக் காட்டினார். “சென்ட்ரல் லாக்கு? அதையும் பழையபடி மாட்டித் தரட்டுங்களா? ஒரு பட்டன்ல நாலு கதவும் பூட்டிக்கும்.”

“வேண்டாமுங்க” என்றார் என் வீட்டுக்காரர். “அந்த மோட்டாரையெல்லாம் கழட்டிப்போடுங்க. கையில தொறக்கற மாதிரியே இருக்கட்டும். அவ எப்ப வேணும்னாலும் எறங்கிக்கட்டும்.”

சொல்லிவிட்டு அவர் துண்டை எடுத்தார். பழக்கம்தான். உதறி, சுவரில் ஈரத்தைத் துடைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக எனக்குப் பேச ஒன்றும் வரவில்லை.

வண்டி இப்போதும் ஓடுகிறது. சந்தை நாளில் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் நிறுத்திப் போன் செய்கிறேன். “ஏறறேனுங்க” என்பேன். “ம்” என்பார். எழுபது வளைவும் ஏறி வந்தால், பஸ் நிற்கும் இடத்தில் ஆள் நின்றுகொண்டிருப்பார். மழையில எதுக்கு நிக்கறீங்க என்று திட்டிக்கொண்டே, ஓட்டும் சீட்டிலிருந்து எட்டிக் கையை நீட்டி, மோட்டார் இல்லாத குமிழைத் தூக்கி, அவர் பக்கத்துக் கதவை நான்தான் திறந்துவிட வேண்டும்.